கொய்யாப்பழ விலாசம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மச்சான் வந்து கதவைத் தட்டினால் பொதுவாக இரண்டு காரணம்தான். ஒன்று கைமாற்று, இல்லாவிட்டால் பெண் பார்க்கும் விவகாரம். இந்தத் தடவை இரண்டும் இல்லை. ஆவடியிலிருந்து பைக்கில் வந்தவன், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஹாலில் உட்கார்ந்தான்.

"மாமா, வேலை போயிடும் போல இருக்கு."

பகலில் அவனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் வேலை. ராத்திரியில், அதே கம்பெனி லேப்டாப்பில், கம்பெனிக்குத் தெரியாமல் சொந்த வேலை. அப்படித்தான் பூந்தமல்லியில் ஒரு பாத்திரக்கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்திருந்தான். வெளிவேலை கூடாது என்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டரிலேயே இருக்கிறது. அதையெல்லாம் யார் சார் படிக்கிறார்கள்?

சனிக்கிழமை ராத்திரி கடை முதலாளி போன் செய்து, ரொம்ப மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "தம்பி, ஓசி கிராக்கின்னா அது நான்தானா?"

நடந்தது இதுதான். புரோகிராமை யாரும் ஒரே ஃபைலாக எழுதுவதில்லை. நூற்றுக்கணக்கான துண்டு ஃபைல்களை வெப்பேக் மாதிரி ஒரு கருவி கோத்து, ஒரே ஜாவாஸ்கிரிப்ட் மூட்டையாகக் கட்டிக் கொடுக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது தப்பு வந்தால் எந்த ஃபைலில் எத்தனையாவது வரி என்று தெரிய வேண்டாமா? அதற்காக ரியாக்ட் போன்றவற்றில், சோதனைக்காகக் கட்டும் மூட்டைக்குள் ஒவ்வொரு துண்டின் முழு விலாசத்தையும் எழுதி வைப்பார்கள். என்னைப் போன்ற பி.காம்.களுக்குப் புரிகிறபடி சொன்னால் வவுச்சர் நம்பர், லெட்ஜர் பக்கம் மாதிரி. ஆடிட்டருக்கு வேண்டியதுதான். அதற்காக வாடிக்கையாளருக்குப் போகிற பில்லில், வவுச்சர் எந்த டிராயரில் எந்தத் திட்டுக்குக் கீழே இருக்கிறது என்று அச்சடிப்பார்களா?

மச்சான் அச்சடித்துவிட்டான். அவசரத்தில் சோதனை மூட்டையையே கடைக்கு ஏற்றிவிட்டான். முதலாளியின் பையன் இன்ஜினீயரிங் மூன்றாவது வருஷம். சும்மா இருக்க முடியாமல் பிரவுசரில் எஃப் 12 பட்டனை அழுத்தி மேய்ந்திருக்கிறான். சி டிரைவ், யூசர்ஸ், அதற்குள் மச்சானின் எம்ப்ளாயி நம்பர், டெஸ்க்டாப், 'ஓசி கிராக்கி ஃபைனல் 2'. திட்டு போகட்டும், சமாளிக்கலாம். எம்ப்ளாயி நம்பர் கம்பெனியின் முதல் எழுத்துக்களோடு சேர்ந்தல்லவா வரும்!

"பெரிய பெரிய ஆட்களே இதுல மாட்டியிருக்காங்கடா" என்று ஆறுதல் சொன்னேன். பொய்யில்லை. ஈரானின் நட்டான்ஸ் அணு ஆலை இயந்திரங்களைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் வைரஸ் 2010-ல் அகப்பட்டபோது, அதன் ஒரு ஃபைலுக்குள் 'பி டிரைவ், மிர்ட்டஸ், குவாவா' என்று ஒரு விலாசம் ஒட்டிக்கொண்டிருந்தது. மிர்ட்டஸ் ஒரு செடி. நம் கொய்யாவும் அதே குடும்பம். இது பைபிளில் வரும் எஸ்தர் ராணியின் எபிரேயப் பெயரைக் குறிக்கிறது, ஆகவே இஸ்ரேல் வேலை என்றார்கள் சிலர். அதெல்லாமில்லை, 'மை ஆர்.டி.யு.', அதாவது ஒரு கருவியின் பெயர்தான் என்றார்கள் வேறு சிலர். யாரோ ஒருவர் தன் ஃபோல்டருக்கு வைத்த செல்லப் பெயருக்கு உலகமே உட்கார்ந்து பதவுரை எழுதியது.

நம் ஊரிலும் உண்டு. 2019 அக்டோபரில் வெளியே வந்த டிட்ராக் என்கிற வேவு புரோகிராம் ஒன்றைப் பிரித்துப் பார்த்தவர்கள், உள்ளே கே.கே.என்.பி.பி. என்று எழுதியிருப்பதைக் கண்டார்கள். கூடங்குளம் அணுமின் நிலையம்! இது மறதியில் விட்டதல்ல, உள் நெட்வொர்க்கில் நுழையவே எழுதி வைத்தது. ஆனாலும் யாரைக் குறிவைத்தது என்பதை அதுவே சொல்லிவிட்டது. 29-ம் தேதி நிலையத்தார் மறுத்தார்கள். மறுநாளே அணுமின் கழகம், நிர்வாக வேலைக்கான கம்ப்யூட்டர் ஒன்றில் வைரஸ் இருந்தது, நிலையத்தின் இயக்கம் பாதிக்கப்படவில்லை என்று ஒப்புக்கொண்டது.

மச்சானுக்கு ஆறுதல் போதவில்லை. இரண்டு தோசைக்கு அப்புறம், சொந்தமாக ஒரு பழைய லேப்டாப்பைக் கடன் வாங்கி வேலையில் இறங்கினான். புரொடக்‌ஷன் மூட்டையாக மறுபடி கட்டியதும் விலாசங்கள் மொத்தமாக உதிர்ந்தன. ஒன்று மட்டும் போகவில்லை. அது அவனே என்றைக்கோ சோதனைக்கு எழுதி மறந்த வரி. ஒரிஜினல் புரோகிராமையே படம் பிடித்து வைத்திருக்கும் 'சோர்ஸ் மேப்' ஃபைல் சர்வரில் தேமே என்று கிடந்தது, அதையும் அழித்தான். இனி கட்டின மூட்டையில் 'யூசர்ஸ்' என்ற சொல் இருந்தால் ஏற்றாதே என்று ஒரு காவலும் போட்டான்.

ஆனால் பையன் கையிலிருக்கும் பழைய காப்பியை எப்படி அழிப்பது?

சாயங்காலம் முதலாளியே கூப்பிட்டார். கோபமே இல்லை. "பையனுக்கு உங்க கம்பெனியில ஒரு இன்டர்ன்ஷிப் கிடைக்குமா தம்பி?" என்றார். கம்பெனி பெயரையும் அவரே சொன்னார்.

திங்கட்கிழமை பயோடேட்டா மெயிலில் வந்தது. மச்சான் முதல் வேலையாக அந்த ஃபைலின் பிராப்பர்ட்டீஸைத் திறந்து பார்த்திருக்கிறான். துடைத்து வைத்த எவர்சில்வர் பாத்திரம் மாதிரி சுத்தமாக இருந்ததாம்.