ஐம்பது அடிக் கம்பியே பூட்டாக இருந்த காலம்

சீரியல் என்றதும் ராத்திரி எட்டரை மணி சமாச்சாரம் என்று நினைத்து உள்ளே வந்த அக்கா, அண்ணிமார்கள் மன்னிக்க. இது வேறு சீரியல் :-) பழைய கம்ப்யூட்டரின் முதுகில் ஒன்பது ஊசியோடு ஒரு சொருகு இருக்குமே, ஒரு காலத்தில் மவுஸைக்கூட அதில்தானே மாட்டினோம், அந்த சீரியல் போர்ட்டைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பி.காம். படித்துவிட்டு பேங்கில் வட்டிக் கணக்குப் பார்க்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று பொட்டி தட்டும் நண்பர்கள் கேட்கலாம். எனக்கு இதைப் பழக்கியதே பேங்க்தான் சாமி.

விஷயம் எளிமையானது. ஒரு கருவி. அது பிரிண்டராக இருக்கலாம், எடை மெஷினாக இருக்கலாம், மோட்டார் கன்ட்ரோலராக இருக்கலாம். அதற்கு ஒரு சீரியல் வாய். ஒரு எழுத்துக்குப் பின் இன்னொரு எழுத்து என்று வரிசையில் நின்று பேசும். அந்த வாயை நெட்வொர்க்கில் இணைக்க ஒரு சின்ன கன்வெர்ட்டர் பெட்டி. அவ்வளவுதான், ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு டெல்நெட் என்று ஒரு கறுப்புத் திரையைத் திறந்து நாம் தட்டும் எழுத்து அங்கே கருவிக்குப் போகிறது, அது சொல்லும் பதில் இங்கே வருகிறது. படம் கிடையாது, பட்டன் கிடையாது, வெறும் எழுத்து. நம்மைப் போல ஊரை விட்டு வந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வசதியோடு சேர்த்து நாம் எதைக் கழற்றிப் போட்டோம் என்பதுதான் என் பேச்சு.

கொஞ்சம் பழைய கதை. இந்திய வங்கிகளில் இயந்திரம் நுழைவதற்கு வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் 1983 செப்டம்பர் 8-இல் ஓர் ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. அடுத்த வருடம், 1984-இல், ரங்கராஜன் கமிட்டியின் அறிக்கை வந்தது. அதன்பின் கிளைகளுக்கு லெட்ஜர் போஸ்டிங் மெஷின்கள் வந்தன. தொண்ணூறுகளில் கிளை முழுவதையும் கணினிமயமாக்கினார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த 2002-இல் எங்கள் கிளையில் இருந்தது அந்த ஏற்பாடுதான். மேனேஜர் அறைக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே ஏசி போட்டு ஒரு யூனிக்ஸ் சர்வர். (மனிதர்களுக்கு மின்விசிறிதான்.) அதிலிருந்து கவுண்டருக்கு ஒன்றாக சீரியல் கம்பி போகும். கம்பியின் முனையில் பச்சை எழுத்து மின்னும் டம்ப் டெர்மினல். பெயருக்கேற்ற மாதிரி அதற்கு சொந்த மூளை கிடையாது. தட்டிய எழுத்தை உள்ளே அனுப்பும், வந்த எழுத்தைத் திரையில் காட்டும். பாஸ்புக் பிரிண்டரும் அப்படியே.

அந்தக் கம்பிக்கு ஆர்எஸ்-232 என்று பெயர். 1960-இல் வந்த முறை. இந்த வகைக் கம்பிக்கு வழக்கமாகச் சொல்லும் நீளம் ஐம்பது அடி. அதற்கு மேல் இழுத்தால் எழுத்து குழம்பும். இந்த ஐம்பது அடியைத்தான் நான் இத்தனை வருடம் கழித்தும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். சீரியல் கருவிக்கு யார் பேசுகிறார்கள் என்று தெரியாது. கேட்கவும் கேட்காது. எழுத்து வந்தால் கீழ்ப்படியும். அப்படிப்பட்ட கருவியை நம்பி லட்சக்கணக்கான ரூபாய் கணக்கு எப்படி நடந்தது? கம்பி ஐம்பது அடி என்பதால் நடந்தது. அதற்குள் வர வேண்டுமென்றால் ஷட்டரைத் தாண்டி, வாட்ச்மேனைத் தாண்டி, ஹெட் கேஷியர் பார்வையைத் தாண்டி வர வேண்டும். கம்பியின் நீளமே பூட்டு. யாரும் அதைப் பூட்டு என்று சொல்லவில்லை, எந்த ரிஜிஸ்டரிலும் எழுதவில்லை. அதனால்தான் அது போனபோதும் யாருக்கும் தெரியவில்லை.

1999-இல் வங்கிகளுக்கென்று இன்ஃபினெட் என்ற செயற்கைக்கோள் வலையமைப்பு வந்தது. பிறகு கோர் பேங்கிங். கிளையில் இருந்த சர்வர் எங்கோ ஒரு டேட்டா சென்டருக்குப் போயிற்று. சில வங்கிகளில் ஆரம்ப வருடங்களில் அதே எழுத்துத் திரைதான், டெல்நெட் வழியாக. அது வங்கியின் சொந்த லைனில் போனதால் பிழைத்தோம். ஏனென்றால் டெல்நெட் என்பது 1969-இலேயே முளைவிட்டு 1983-இல் தரப்படுத்தப்பட்ட பழங்காலத்து முறை. 23-ஆம் நம்பர் கதவு. ஒருவரை ஒருவர் தெரிந்த சில பல்கலைக்கழகங்கள் பேசிக்கொள்ளச் செய்தது. தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும், பாஸ்வேர்டு உட்பட, அப்பட்டமாகப் போகும். லாக்கர் நம்பரையும் சாவி இருக்கும் இடத்தையும் போஸ்ட் கார்டில் எழுதி அனுப்புவது போல. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யாரோ நடுவழியில் உட்கார்ந்து பாஸ்வேர்டுகளைத் திருடிய பிறகுதான், அங்கிருந்த டாட்டு யூலோனென் என்பவர் 1995-இல் எஸ்எஸ்ஹெச் என்ற மூடிய உறையைச் செய்தார். அதாவது மாற்று வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் கன்வெர்ட்டர் பெட்டிகளில் பலவற்றில் இன்றும் முதலில் திறந்து வருவது டெல்நெட்தான்.

இதன் அளவு என்ன என்று 2013-இல் ஹெச்.டி.மூர் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் கணக்கெடுத்தார். இணையத்தில் யார் வேண்டுமானாலும் தட்டக்கூடிய சீரியல் சர்வர்கள் 1,14,000-க்கு மேல் அகப்பட்டன. அதில் 13,000-க்கும் அதிகமான சீரியல் போர்ட்கள் பாஸ்வேர்டே கேட்காமல் நிர்வாகக் கட்டளைகளை ஏற்றுக்கொள்ளும் நிலையில் இருந்தன. அவர் சொன்ன காரணம் ஒன்று எனக்கு அப்படியே பேங்க் கவுண்டரை நினைவூட்டியது. சீரியல் கம்பியில் ஒருவர் உள்ளே நுழைந்து வேலை முடித்து லாக்-அவுட் செய்யாமல் இணைப்பை மட்டும் துண்டித்தால், அந்தப் பக்கம் இருக்கும் கருவிக்கு அவர் போனது தெரியாது. அடுத்து யார் வந்தாலும் முன்னவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஆபீசர் டெர்மினலைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் மெமோ வரும் தெரியுமா? இங்கே உலகமே டீ குடிக்கப் போயிருக்கிறது.

அதே மனிதர் 2015 ஜனவரியில் பெட்ரோல் பங்குகளைப் பார்த்தார். பூமிக்குள் இருக்கும் டாங்கில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது, தண்ணீர் கலந்திருக்கிறதா, கசிகிறதா என்று சொல்லும் கருவி. சீரியல் வாயுள்ள கருவி, கன்வெர்ட்டர் போட்டு இணையத்தில் விட்டிருக்கிறார்கள். சுமார் 5,800 பங்குகளில் பாஸ்வேர்டு இல்லை. 5,300-க்கு மேல் அமெரிக்காவில். டாங்க் நிரம்பிவிட்டது என்று அந்தக் கருவியைப் பொய் சொல்லவைக்கலாம், அபாய மணியைக் குழப்பலாம், வியாபாரத்தையே நிறுத்தலாம்.

உக்ரைனில் நடந்தது இதைவிட மோசம். 2015 டிசம்பர் 23. மின்விநியோக நிறுவனங்களுக்குள் புகுந்தவர்கள் துணைமின் நிலையங்களின் பிரேக்கர்களைத் தொலைவிலிருந்தே அணைத்தார்கள். சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போயிற்று. போகிற போக்கில் அந்த சீரியல் கன்வெர்ட்டர் பெட்டிகளின் உள்நிரலையும் அழித்துவிட்டுப் போனார்கள். இனி கட்டுப்பாட்டு அறையிலிருந்து திரும்பப் போட முடியாது. என்ன செய்தார்கள்? ஆட்கள் வண்டி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நிலையமாகப் போய்க் கையால் போட்டார்கள். சில மணி நேரத்தில் விளக்கு எரிந்தது. கையால் போடும் கைப்பிடியை அவர்கள் இன்னும் கழற்றி எறியாமல் வைத்திருந்தார்கள், அதனால் எரிந்தது.

இதெல்லாம் எங்கோ நடக்கிறது என்று விட்டுவிட முடியாது. எங்கள் ஊர் வடமாலபேட்டை. சென்னையிலிருந்து பெருமாளைப் பார்க்கப் போகும்போது புத்தூர் தாண்டி டோல்கேட்டில் வண்டி நிற்குமே, அந்தப் பக்கம். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு. அக்கா வீட்டுக்காரருக்கு அங்கே கொஞ்சம் மாந்தோப்பு, ஒரு போர்வெல். பையன் துபாயில். அப்பா வயசான காலத்தில் கரண்ட் வரும் நேரம் பார்த்து தோப்புக்கு நடக்கிறாரே என்று அவனுக்கு வருத்தம். நியாயமான வருத்தம். மோட்டார் கன்ட்ரோலரில் சர்வீஸ்காரர்களுக்கென்று ஒரு சீரியல் சொருகு இருந்திருக்கிறது. இரண்டு மூன்றாயிரம் ரூபாய்க்கு கன்வெர்ட்டர் வாங்கி மாட்டி, பிராட்பேண்ட் மோடத்தில் ஒரு போர்ட்டைத் திறந்துவிட்டு, துபாயிலிருந்து மோட்டார் போடுகிறான். வீடியோ காலில் எனக்கும் போட்டுக் காட்டினான். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினான், ஆம்பியர் எண் ஏறியது. நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. பாஸ்வேர்டு வைத்திருக்கிறாயா என்று கேட்டேன்.

"பொட்டியோடவே ஒண்ணு வரும் மாமா. அட்மின், அட்மின்."

"மாத்தலையா?"

"நம்ம மோட்டார் யாருக்கு மாமா வேணும்?"

"அது இருக்கட்டும். இப்போ மோட்டார்கிட்ட உங்கப்பா கை வெச்சு நிக்கறாரான்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"போன் பண்ணிட்டுத்தான் மாமா போடுவேன்."

"நீ போன் பண்ணுவே மாப்ளே. வேற எவனாவது உள்ள வந்தா அவன் போன் பண்ணுவானா?"

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

யாருக்கு வேண்டும் என்ற அவன் கேள்விக்குப் பதில்: யாருக்கும் வேண்டாம், அதனால் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை. 2016-இல் மிராய் என்று ஒரு நச்சு நிரல் வந்தது. கம்பெனி போட்டுக்கொடுத்த பெயர்-பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டு டெல்நெட் கதவாகத் தட்டிக்கொண்டே போகும். யார் வீடு, எந்த ஊர் என்று பார்க்காது. வீட்டு கேமராக்களையும் மோடங்களையும் இப்படிப் பிடித்து ஒரு படை சேர்ந்தது. அவ்வருடம் அக்டோபர் 21-இல் அமெரிக்காவில் பெரிய தளங்கள் பல விழுந்ததற்கு அந்தப் படைதான் காரணம். கதவைத் தட்டுவது மனிதனே இல்லை, அதற்குச் சலிப்பும் கிடையாது.

அப்படியானால் இந்தப் பழங்கால வேலையே வேண்டாம், நல்ல கம்பெனி ஆப் ஒன்று வாங்கிப் போடு என்று இங்கே சில நண்பர்கள் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ரிவால்வ் என்று ஒரு வீட்டு உபயோகக் கட்டுப்பாட்டுப் பெட்டி, 300 டாலர் கொடுத்து வாங்கினார்கள். கம்பெனியை கூகுளின் நெஸ்ட் வாங்கியது, 2016 மே மாதம் சர்வரை நிறுத்தியது, பெட்டி செங்கல் ஆயிற்று. எழுத்தில் பேசும் கருவிக்கு அந்தக் கதி வராது. இருபது வருடம் கழித்தும் எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் பேசலாம். கட்டளைகள் நாலே வரி, ஒரு நோட்டில் எழுதி வைத்தால் வேறொருவரும் படித்துச் செய்யலாம். முறை நல்ல முறைதான். ஐம்பது அடியை ஐயாயிரம் மைல் ஆக்கியவர்கள் அந்த ஐம்பது அடி செய்துகொண்டிருந்த வேலைக்கு வேறு ஆள் போடவில்லை, அதுதான் கோளாறு.

பேங்கில் ஸ்ட்ராங் ரூம் சாவி இரண்டு பேரிடம் இருக்கும். ஒருவர் வவுச்சரைப் பதிந்தால் இன்னொருவர் பார்த்துப் பாஸ் செய்வார். இதையே தோப்புக்கும் கேட்கிறேன். கன்வெர்ட்டர் வெளி உலகத்தைப் பார்க்கவே கூடாது. அதன் முன்னால் சின்ன லினக்ஸ் போர்டு ஒன்று உட்காரட்டும். வெளியிலிருந்து அதற்கு எஸ்எஸ்ஹெச் வழியாக, பாஸ்வேர்டில்கூட அல்ல, சாவிக் கோப்பு வைத்து வர வேண்டும். சீரியலை அந்தப் போர்டு மட்டும் தொடட்டும். ஐந்து நிமிடம் யாரும் எதுவும் தட்டாவிட்டால் துண்டித்துவிடட்டும். யார் எப்போது வந்தார், என்ன தட்டினார் என்று டே புக் மாதிரி ஒரு பதிவு. இதற்கான மென்பொருள் எல்லாம் இலவசம். பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்துவிட்டான், எனக்கே ஆச்சரியம்.

இரண்டாவது சாவிதான் அவனுக்குக் கசந்தது. ஸ்டார்ட்டர் பெட்டியில் லோக்கல், ரிமோட் என்று திருப்புகிற சுவிட்ச் ஒன்று வை என்றேன். அதை லோக்கலில் திருப்பிவிட்டால் துபாயிலிருந்து நீ என்ன தட்டினாலும் மோட்டார் அசையக்கூடாது, சாப்ட்வேரில் இல்லை, கம்பியிலேயே துண்டாக வேண்டும். அப்பா திருப்ப மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டால் மறுபடி நடக்க வேண்டுமே மாமா என்றான். நடக்கட்டும். மோட்டார் பக்கத்தில் நிற்கிறவருக்குத்தான் கடைசி வார்த்தை. பணம் அனுப்புகிறோம், பொருள் வாங்கித் தருகிறோம் என்பதற்காக அந்த உரிமையை அவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள முடியாது. இதில் எனக்கும் அவனுக்கும் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா என் பக்கம் :-)

இந்த வாரம் ஊருக்குப் பேசும்போது டிவிக்குப் பின்னால் என்னென்ன பெட்டி மின்னுகிறது, யார் வந்து மாட்டினார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அக்கா வீட்டு மோடத்தை மாட்டியவர் அதன் வைஃபை பாஸ்வேர்டை அடிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். பையன் பதறினான். நான் இருக்கட்டும் என்றேன். அதைப் படிக்க வேண்டுமென்றால் அக்காவைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டும்.