மைலேஜுக்கு மாருதி, உயிருக்கு யார் பொறுப்பு?

புது தில்லி: ஆல்டோ கே10, வேகன் ஆர், செலேரியோ, ஈகோ ஆகிய நான்கு கார்களின் அனைத்து ரகங்களிலும் ஆறு காற்றுப்பைகள் பொருத்தப்படும் என்று மாருதி சுசுகி நிறுவனம் 2025 மே மாதம் அறிவித்தது. விபத்து நேரத்தில் விரிந்து தலையையும் மார்பையும் காக்கும் 'ஏர்பேக்' எனப்படும் இந்தச் சாதனம், நடுத்தர வர்க்கத்தினர் வாங்கும் விலை குறைந்த கார்களுக்கும் வந்து சேர்ந்தது வரவேற்கத்தக்கதே.

ஆனால், 2022-இல் இதே ஆறு காற்றுப்பைகளைக் கட்டாயமாக்க மத்திய அரசு முனைந்தபோது, சிறிய கார்களின் விலை உயரும், விற்பனை சரியும் என்று பகிரங்கமாக ஆட்சேபித்ததும் இதே நிறுவனம்தான். அந்த ஆட்சேபணைகளுக்குப் பிறகு அரசு பின்வாங்கியது. சட்டம் செய்யத் தவறியதைச் சந்தைப் போட்டி செய்து முடித்திருக்கிறது. போட்டியால் கிடைத்த சலுகைக்கும் சட்டத்தால் கிடைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு சிறிதல்ல. நிறுவனம் தானாக முன்வந்து கொடுத்ததை, செலவைக் காரணம் காட்டித் திரும்ப எடுத்துக்கொள்ளவும் முடியும்.

இந்த நிலை ஏன் ஏற்பட்டது என்பதற்கான விடை, அரசே பெற்று வளர்த்த ஒரு கார் நிறுவனத்தின் வரலாற்றில் இருக்கிறது.

அரசியலில் பிறந்த கார்: 1971-இல் 'மாருதி லிமிடெட்' தொடங்கப்பட்டபோது, அதன் நிர்வாக இயக்குநர் பிரதமர் இந்திரா காந்தியின் இளைய மகன் சஞ்சய் காந்தி. ஆண்டுக்கு 50 ஆயிரம் கார்கள் தயாரிக்க அனுமதி கிடைத்தது. ஹரியாணா முதல்வர் பன்சி லால் குர்கானில் நிலம் கிடைக்கச் செய்தார். 'மக்கள் கார்' என்ற வாக்குறுதி மட்டும் நிறைவேறவில்லை. நெருக்கடி நிலைக்குப் பிறகு ஆட்சிக்கு வந்த ஜனதா அரசு, மாருதி விவகாரங்களை விசாரிக்க நீதிபதி ஏ.சி. குப்தா தலைமையில் விசாரணைக் கமிஷனை அமைத்தது. நிறுவனம் நீதிமன்ற உத்தரவால் கலைக்கப்பட்டது.

மீண்டும் ஆட்சியைப் பிடித்த இந்திரா காந்தி, 1980 ஜூன் மாதம் விமான விபத்தில் சஞ்சய் மறைந்த சில மாதங்களில், மாருதியின் சொத்துகளை அரசு கையகப்படுத்தச் சட்டம் கொண்டு வந்தார். 1981-இல் 'மாருதி உத்யோக்' பொதுத்துறை நிறுவனமாக உருவானது. அதன் தொடக்க ஆண்டுகளை வழிநடத்திய வி. கிருஷ்ணமூர்த்தி, தஞ்சை மண்ணில் பிறந்தவர். பெல் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். வெளிநாட்டுக் கூட்டாளியைத் தேடிய அரசு, 1982 அக்டோபரில் ஜப்பானின் சுசுகி நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அப்போது சுசுகி பெற்ற பங்கு 26 சதவீதம் மட்டுமே.

தறியில் தொடங்கிய நிறுவனம்: ஹமாமட்சு நகரில் 1909-இல் மிச்சியோ சுசுகி தொடங்கியது ஒரு தறி தயாரிப்புக்கூடம். 1952-இல் சைக்கிளில் பொருத்தும் சிறு எஞ்சினையும், 1955-இல் 'சுசுலைட்' என்னும் சிறிய காரையும் அந்நிறுவனம் கொண்டு வந்தது. 1978-இல் தலைவரான ஒசாமு சுசுகி, மறு ஆண்டு 4 லட்சத்து 70 ஆயிரம் யென் விலையில் 'ஆல்டோ'வை அறிமுகப்படுத்தி ஜப்பானியச் சந்தையில் திருப்பத்தை ஏற்படுத்தினார். உதிரி பாகம் ஒன்றுக்கு ஒரு கிராம் எடையும் ஒரு யென் செலவும் குறைக்கப்பட வேண்டும் என்பது அவரது நிறுவனத்தின் தாரக மந்திரம். 2024 டிசம்பர் 25-ஆம் தேதி தமது 94-ஆவது வயதில் அவர் மறைந்தார். அடுத்த மாதமே அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

எடையைக் குறை, விலையைக் குறை, எரிபொருளை மிச்சப்படுத்து என்னும் அந்தக் கொள்கை, அன்றைய இந்தியாவின் தேவைக்கு அச்சாகப் பொருந்தியது.

உரிமையாளர்கள் கண்ட மாற்றம்: 1983 டிசம்பர் 14-ஆம் தேதி, சஞ்சய் காந்தியின் பிறந்த நாளில், முதல் மாருதி 800 காரின் சாவியை இந்திரா காந்தி வழங்கினார். விலை 47,500 ரூபாய். முன்பதிவு தொடங்கியபோது ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் தலா 10 ஆயிரம் ரூபாய் கட்டிக் காத்திருந்தனர். அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, கிடைத்ததும் அடிக்கடி மெக்கானிக்கிடம் அலைந்த தலைமுறை அது. சாவியைத் திருப்பியதும் கிளம்புகிற, மலைப்பாதையில் கொதித்து நிற்காத கார் என்பதே அவர்களுக்குப் புதிய அனுபவம்.

மாருதி உரிமையாளர்கள் இன்றும் கூறும் காரணங்கள் பெரும்பாலும் மாறவில்லை. லிட்டருக்கு அதிக மைலேஜ், சிறு நகரங்களிலும் சர்வீஸ் நிலையம், எந்தக் கடையிலும் கிடைக்கும் உதிரி பாகம், விற்கும்போது கைகொடுக்கும் மறுவிற்பனை விலை ஆகியவையே அவை. 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்படும் வரை, மாருதி 800 இந்தியாவில் மட்டும் 25 லட்சத்துக்கும் அதிகமாக விற்பனையானது. மாதச் சம்பளக்காரர்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் மழையில் நனையாமல் குடும்பத்தோடு வெளியே செல்ல வழி செய்த கார் அது. இந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது.

இந்தப் பட்டியலில் பல ஆண்டுகளாக இடம்பெறாத ஒன்று பாதுகாப்பு. இதற்கு உரிமையாளர்களைக் குறை கூறுவது நியாயமல்ல. மைலேஜைப் பெட்ரோல் பங்கில் கணக்கிடலாம். மோதலில் காரின் கூடு நசுங்குமா, தாங்குமா என்பதை வாங்குபவர் சோதித்துப் பார்க்க முடியாது. அதைச் செய்ய வேண்டியது அரசு.

முதலாளியே கண்காணிப்பாளர்: அந்த அரசு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாருதியின் பங்குதாரர். 1992-இல் சுசுகியின் பங்கு 50 சதவீதமாக உயர்ந்து, மாருதி அரசு நிறுவனம் என்ற தகுதியை இழந்தது. அதன் பிறகும் தில்லியில் நடந்த பெரும் சண்டைகள் பதவி குறித்தும் பங்கு குறித்துமே. 1997-இல் ஐக்கிய முன்னணி அரசின் தொழில்துறை அமைச்சராக இருந்த முரசொலி மாறன் காலத்தில், பாஸ்கருடுவை நிர்வாக இயக்குநராக அரசு நியமித்தது. சுசுகி அதை ஏற்க மறுத்தது. விவகாரம் சர்வதேச நடுவர் மன்றம் வரை சென்று, ஆட்சி மாறிய பிறகு 1998-இல் சமரசத்தில் முடிந்தது.

2002-இல் வாஜ்பாய் அரசு, நிறுவனத்தின் கட்டுப்பாட்டை ஆயிரம் கோடி ரூபாய்க்குச் சுசுகியிடம் விட்டுக்கொடுத்தது. 2003-இல் 125 ரூபாய் விலையில் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. 2007-இல் மன்மோகன் சிங் அரசு எஞ்சிய பங்குகளையும் விற்று வெளியேறியது. அதே ஆண்டில் நிறுவனத்தின் பெயர் 'மாருதி சுசுகி இந்தியா' என்று மாறியது.

கார் தயாரிக்கும் நிறுவனத்தில் பங்கு வைத்திருந்ததும், காருக்கு விதி வகுத்ததும் ஒரே அரசு. விற்பனை பெருகினால் பங்கின் மதிப்பு உயரும். விதி கடுமையானால் செலவு உயரும். இந்த முரண்பாடு அன்று பெரிய விவாதமாக எழவில்லை. அரசு வெளியேறிய பின்னும் பத்து ஆண்டுகள், நேருக்கு நேர் மோதல் சோதனை இந்தியாவில் கட்டாயமாகவில்லை.

பூஜ்ய நட்சத்திரங்கள்: விழிப்பு வெளியிலிருந்து வந்தது. 2014 ஜனவரியில் 'குளோபல் என்கேப்' என்னும் சர்வதேச அமைப்பு, இந்தியாவில் விற்கப்பட்ட ஐந்து சிறிய கார்களின் காற்றுப்பை இல்லாத ரகங்களை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தது. மாருதி ஆல்டோ 800 மட்டுமன்றி டாடா, ஃபோர்டு, ஹூண்டாய், ஃபோக்ஸ்வேகன் கார்களும் பூஜ்ய நட்சத்திரமே பெற்றன. குறை ஒரு நிறுவனத்தோடு நிற்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

அதே ஆண்டு நவம்பரில் மாருதி ஸ்விஃப்ட் பெற்றதும் பூஜ்யம். இதில்தான் இந்திய உரிமையாளருக்கு இழைக்கப்பட்ட அநீதி வெளிப்பட்டது. ஐரோப்பாவில் விற்கப்பட்ட ஸ்விஃப்ட், 2010-இல் அங்கு நடந்த சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றிருந்தது. பெயர் ஒன்று, தோற்றம் ஒன்று, உயிருக்கான மதிப்பு மட்டும் வேறு. ஐரோப்பியர் கேட்டதை அங்குள்ள சட்டமும் கேட்டது. இந்தியச் சட்டம் கேட்கவில்லை; நிறுவனமும் கொடுக்கவில்லை.

அதன் பிறகே விதிகள் வேகம் பிடித்தன. மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் நடத்தப்படும் முன்பக்க மோதல் சோதனை, புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபரிலும், பழைய மாடல்களுக்கு 2019 அக்டோபரிலும் கட்டாயமாயிற்று. ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019 ஜூலையில் கட்டாயமானது. பள்ளி வாகனமாகவும் ஆம்புலன்ஸாகவும் நாடு முழுவதும் ஓடிய ஓம்னி வேனின் உற்பத்தி 2019-இல் முடிவுக்கு வந்தது. புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப அதை மாற்றியமைக்க இயலாது என்பதே காரணம்.

மாருதியின் எல்லாக் கார்களும் தோற்கவில்லை. 2018-இல் விடாரா பிரெஸ்ஸா நான்கு நட்சத்திரம் பெற்றது. 2022 டிசம்பரில் ஸ்விஃப்ட், இக்னிஸ், எஸ்-பிரெஸ்ஸோ மூன்றுக்கும் கிடைத்தது ஒரே நட்சத்திரம். 2024 நவம்பரில் புதிய டிசையர் ஐந்து நட்சத்திரம் பெற்றது. 'அரசு விதித்த தரத்துக்கு உட்பட்டே தயாரிக்கிறோம்' என்பது இந்த விமர்சனங்களுக்கு நிறுவனம் அளித்த பதில். அந்தப் பதில் தவறல்ல. அதனாலேயே கேள்வி நிறுவனத்தைத் தாண்டி அரசை நோக்கித் திரும்புகிறது.

பின்வாங்கிய அரசு: 2022 ஜனவரியில் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட வரைவு அறிவிக்கை, அந்த ஆண்டு அக்டோபர் முதல் கார்களில் ஆறு காற்றுப்பைகள் கட்டாயம் என்றது. பின்னர் அது ஓராண்டு தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரில், அந்த விதி கட்டாயமாக்கப்படாது என்று அமைச்சர் நிதின் கட்கரி தெரிவித்தார். மாற்றாக, 2023 அக்டோபர் முதல் 'பாரத் என்கேப்' என்னும் நட்சத்திர மதிப்பீட்டுத் திட்டம் அமலுக்கு வந்தது. பாராட்டத்தக்க திட்டமாயினும், நிறுவனங்கள் விரும்பினால் மட்டுமே பங்கேற்கலாம் என்ற அடிப்படையில் அது தொடங்கப்பட்டது. சுமாரான மதிப்பெண் வாங்கும் என்று தெரிந்த காரை எந்த நிறுவனம் தானாகத் தேர்வுக்கு அனுப்பும்?

மாருதி தலைவர் ஆர்.சி. பார்கவா முன்வைத்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. சிறிய காரின் விலை உயர்ந்தால், அதை வாங்க முடியாத குடும்பம் அதைவிட ஆபத்தான இருசக்கர வாகனத்திலேயே தொடரும் என்கிறார் அவர். 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் இருசக்கர வாகனங்களில் சென்றவர்களே மிக அதிகம். எனினும், இந்த வாதம் வரிக்குறைப்பைக் கேட்பதற்குத்தான் பொருந்தும்; பாதுகாப்பைக் குறைப்பதற்குப் பொருந்தாது. 2025 செப்டம்பரில் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, அரசு நினைத்தால் விலையைக் குறைக்க வேறு வழி உண்டு என்பது நிரூபணமானது. அந்தச் சலுகையோடு பாதுகாப்பு நிபந்தனையையும் இணைத்திருந்தால், வாங்குபவருக்கு இரண்டும் கிடைத்திருக்கும்.

திரும்பப் பெறும் சட்டம்: குறைபாடுள்ள வாகனத்தைத் திரும்பப் பெறுமாறு உத்தரவிடும் அதிகாரத்தை, 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் மத்திய அரசுக்கு வழங்கியது. 2017-இல் மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் தேங்கிக் காலாவதியான மசோதா, 2019 ஜூலையில் மீண்டும் வந்து இரு அவைகளிலும் நிறைவேறியது. 2021 ஏப்ரல் முதல் விதிகள் அமலாயின. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கு இது பொருந்தும். அபராதம் 10 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை.

அதற்கு முன்பும் நிறுவனங்கள் தாமாகவே கார்களைத் திரும்ப அழைத்ததுண்டு. 2010-இல் எரிபொருள் பம்ப் குறைபாட்டுக்காக ஒரு லட்சம் ஏ-ஸ்டார் கார்களை மாருதி அழைத்தது. 2021 செப்டம்பரில் 1,81,754 பெட்ரோல் கார்களையும், 2023 ஜனவரியில் காற்றுப்பைக் கட்டுப்பாட்டுக் கருவியைச் சோதிக்க 17,362 கார்களையும் அழைத்தது. குறையை ஒப்புக்கொண்டு இலவசமாகச் சரிசெய்வது அவமானமல்ல, பொறுப்பின் அடையாளம். ஆனால், ஆண்டுக்கு லட்சக்கணக்கில் கார் விற்கும் நிறுவனத்துக்கு ஒரு கோடி ரூபாய் அபராதம் அச்சுறுத்தலாகுமா என்பதை நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும்.

ஜப்பான் காட்டும் வழி: சொந்த நாட்டில் சுசுகி எதிர்கொண்டது வேறு அனுபவம். எரிபொருள் சிக்கனச் சோதனையில் விதிப்படியான முறையைப் பின்பற்றவில்லை என்று 2016-இல் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஒசாமு சுசுகி தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பைத் துறந்தார். 2019-இல் ஆலைகளில் இறுதிப் பரிசோதனை முறைகேடு வெளிவந்ததை அடுத்து, ஜப்பானில் சுமார் 20 லட்சம் வாகனங்களைத் திரும்ப அழைத்தது. அதே நிறுவனம், அதே ஒழுக்கம். கண்காணிப்பாளர் விழித்திருந்தால் விளைவு மாறுகிறது.

அடுத்த தேர்வு: 2027-க்குப் பிந்தைய எரிபொருள் சிக்கன விதிகளுக்காக 2025 செப்டம்பரில் வெளியான வரைவில், 909 கிலோவுக்கு உட்பட்ட சிறிய பெட்ரோல் கார்களுக்குச் சலுகை இடம்பெற்றது. டாடா, மகேந்திரா நிறுவனங்கள் இதனை எதிர்த்தன. எடையைக் குறைக்கச் சலுகை கொடுத்தால் பாதுகாப்பில் கைவைக்கத் தூண்டுதலாகும் என்ற கவலை, போட்டியாளரின் வாதம் என்பதால் மட்டும் பொய்யாகிவிடாது. சலுகை பெறும் எந்தக் காரும் குறைந்தபட்ச நட்சத்திர மதிப்பீட்டைப் பெற்றிருக்க வேண்டும் என்ற ஒரு வரியைச் சேர்த்தால் இந்தக் கவலை நீங்கும்.

சுசுகியிடமிருந்து இந்தியா தரத்தையும் சிக்கனத்தையும் கேட்டது, இரண்டையும் பெற்றது. பாதுகாப்பைக் கேட்கத் தாமதித்தது; அதுவும் தாமதமாகவே வந்தது. 1980-இல் ஒரு கார் நிறுவனத்தைக் காப்பாற்றச் சில மாதங்களில் சட்டம் இயற்ற முடிந்த நாடாளுமன்றத்துக்கு, அந்தக் காரில் அமர்ந்திருப்பவரைக் காப்பாற்றச் சட்டம் இயற்றுவது முடியாத காரியமல்ல.