'லேசான' என்ற ஒரு சொல்

மறதி நோயின் நிலையைப் பதிவேட்டில் எழுதுவது வெறும் அலுவல் அன்று, அமானிதம். அமெரிக்க நோய்க் குறியீட்டு முறையில் 2022 அக்டோபர் முதல் லேசான மறதி நோய்க்குத் தனிக் குறியீடுகள் உண்டு. ஆயினும் ‘லேசான’ என்று மருத்துவர் எழுதாதவரை, சென்னையில் அமர்ந்து அக்கோப்புகளைக் குறியிடும் நம் பிள்ளைகள் அதனை ஊகித்து இடலாகாது. ‘தீவிரம் குறிப்பிடப்படாதது’ என்றே இட வேண்டும்.

இவ்விதி நியாயமானதே. ஆனால் அச்சொல் விடுபட்டால், பலவற்றைத் தாமே தீர்மானிக்க வல்ல முதியவரின் எஞ்சிய ஆற்றலும் பதிவேட்டில் மறைந்துவிடுகிறது.

சொல்லி எழுதுவிக்க இயலாதவருக்காகப் பொறுப்பாளர் நீதியுடன் எழுதுவிக்க வேண்டும் என்பது, கடன் பத்திரத்துக்கு அல்பகரா 282ஆம் வசனம் வகுத்த நெறி. மருத்துவர் முன்னும் அதுவே பொருந்தும். வெட்கி மறைக்காமலும் மிகைப்படுத்தாமலும், அத்தா எதை மறக்கிறார், எதைத் தாமே செய்கிறார் என இரண்டையும் சொல்வோம்.