ரிங் மட்டும் மாற்றினால் போதுமா?



குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாக என் தங்கை மகனின் லாரிதான் பேச்சு. ஜெகதாப்பட்டினத்தில் மீன் ஏற்றும் பழைய லேலண்ட். நீலப் புகை விடுகிறது, பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, ஆயில் குடிக்கிறது. "ரிங் மட்டும் மாத்து, ஓடும்" என்று ஒரு கட்சி. "காயலான் கடைக்குப் போட்டுட்டு புதுசு எடு" என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் ஒருவர்கூட வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை.

ரிங் கட்சிக்கு முதலில் சொல்கிறேன். லைனர் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகத் தேயாது. மேல் ரிங் திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் அதிகம். அதற்கு மேலே, ரிங் தொடாத பகுதி படிபோல நிற்கும். அந்தப் படியைக் கவனிக்காமல் புது ரிங்கைப் போட்டால் அதில் முட்டி உடையவும் கூடும். மேலே ஒரு அளவு, கீழே ஒரு அளவு என்று தேய்ந்த குழாயில் வட்டமான புது ரிங் எப்படிப் பொருந்தும்? இதைச் சிக்கனம் என்கிறீர்கள். ஒரே வேலைக்கு இரண்டு தடவை கூலி கொடுப்பது எந்த ஊர்ச் சிக்கனம்?

புதுசு எடுக்கச் சொல்கிறவர்களே, நம் கடலை மறந்துவிட்டீர்களா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். மற்ற மாதங்களிலும் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். கடன் தவணைக்குத் தடைக்காலம் உண்டா?

நான் ஹாஃப் என்ஜின் வேலையை ஆதரிக்கிறேன். லைனர், பிஸ்டன், ரிங், ஹெட் வேலையோடு முடிப்பது. ஆனால் ஒரு நிபந்தனை: கிராங்க் நன்றாக இருக்க வேண்டும். என்ஜின் சூடேறி ஐடிலில் நிற்கும்போது ஆயில் பிரஷர் எவ்வளவு என்று பாருங்கள். ஆயில் சம்பைக் கழற்றி பிக் எண்ட் பேரிங்கைப் பாருங்கள், ஜர்னலை மைக்ரோமீட்டரில் அளங்கள். கிராங்க் தேய்ந்திருந்தால் முழு என்ஜின்தான், அதில் பேரம் இல்லை.

அதற்கும் முன்னால் சேஸிஸ். ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் இத்தனை வருஷம் அதைத் தின்றிருக்கிறது. சுத்தியலால் தட்டிப் பார்த்து, உளுத்திருந்தால் என்ஜினுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். ஏர் ஃபில்டர் ஹோஸில் கிழிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மணலை உள்ளே இழுக்கும் வண்டிக்குப் புது லைனர் போட்டு என்ன பயன்?

இவ்வளவும் அளவு சம்பந்தப்பட்ட விஷயம். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் அளவைகள் படித்த பிள்ளைகளே "புகையைப் பார்த்தாலே தெரியும் சார்" என்று எழுதும்போதுதான் எரிச்சல் வருகிறது.

தடை முடியப் பதினெட்டு நாள் இருக்கிறது. அந்த வண்டியை நம்பி என் தங்கை வீட்டில் ஐந்து பேர். அறந்தாங்கிப் பக்கம் லேத் வைத்திருக்கும் மாணவர் யாராவது இதைப் படித்தால், போர் கேஜும் மைக்ரோமீட்டரும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மதியச் சாப்பாடு நம் வீட்டில்.