இளைப்பாறுதல் கூலி அல்ல

துறையூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் 'கிருபை' என்ற சொல் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது காதில் விழும். நலம் விசாரித்தால் "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கோம்" என்பார்கள். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் கிருபை, பரீட்சையில் பாஸானாலும் கிருபை. ஆனால் அதே வீட்டுப் பையன் ஒரு பேப்பரில் அரியர் வைத்துவிட்டால் பேச்சு மாறிவிடும். "ஒழுங்கா ஜெபம் பண்ணியிருந்தா இப்படி ஆகுமா?"

வாயில் கிருபை, மனசில் கூலிக் கணக்கு! இத்தனை நாள் உபவாசம், இத்தனை அதிகாரம் வேத வாசிப்பு, அதற்கு இவ்வளவு ஆசீர்வாதம். இந்தக் கணக்கோடு வாழ்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போதும் களைப்பாகவே இருக்கிறார்கள்.

பவுல் ரோமர் நிருபத்தின் 4-ஆம் அதிகாரத்தில் இந்த விஷயத்தைத் தொடுகிறார். உழைத்தவனுக்குக் கிடைக்கும் சம்பளம் யாருடைய தயவும் அல்ல, அது அவனுக்குச் சேர வேண்டிய பாக்கி என்பது அவர் வாதம். அக்கவுண்டன்சி படித்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கொடுக்காமல் நிற்கும் சம்பளம் முதலாளியின் ஏட்டில் கடனாகத்தான் ஏறும். அப்படியானால் ஜெபத்துக்குக் கூலியாக ஆசீர்வாதம் கேட்பவர், தனக்குத் தெரியாமலே கடவுளைக் கடன்காரர் ஆக்குகிறார். கிருபை அந்த ஏட்டில் எந்தப் பக்கத்திலும் உட்காராது.

இந்தக் கேள்வி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதல்ல. துறையூரிலிருந்து திருச்சிக்குப் போகும் வழியில் கொள்ளிடம் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கு வாழ்ந்த பிள்ளை லோகாசாரியார் வழிவந்த தென்கலையாருக்கும் வடகலையாருக்கும் பல நூற்றாண்டுகளாக நடந்த வாதம் ஏறக்குறைய இதுதான். குரங்குக் குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். பூனைக் குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். இறைவனின் அருளுக்கு மனிதன் இதில் எந்தக் குட்டி? வடகலைக்குக் குரங்குக் குட்டி, தென்கலைக்குப் பூனைக் குட்டி என்பார்கள். ஜெர்மனியில் மார்ட்டின் லூத்தர் 16-ஆம் நூற்றாண்டில் வேறொரு வேதத்தை வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு மல்லுக்கட்டினார். இரண்டு மதமும் ஒன்று என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனால் 'எவ்வளவு செய்தால் போதும்?' என்ற பயம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

சரி, எல்லாம் இலவசம் என்றால் மனுஷன் சோம்பேறி ஆகிவிட மாட்டானா? நியாயமான கேள்வி. அதற்குத் திருச்சியிலேயே ஒரு பதில் இருக்கிறது. தெப்பக்குளத்துக்கு அருகே 1766-இல் கிறிஸ்து ஆலயத்தைக் கட்டியவர் ஸ்வார்ட்ஸ் ஐயர். லூத்தரின் வழியில் வந்தவர், நற்கிரியைகளால் யாரும் இரட்சிப்பைச் சம்பாதிக்க முடியாது என்று நம்பியவர். அந்த நம்பிக்கை அவரைச் சும்மா உட்கார வைத்ததா? 1750-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியவர், 1798-இல் தஞ்சாவூரில் இறக்கும்வரை ஊர் திரும்பவே இல்லை. தமிழ் படித்தார், பள்ளிகள் நடத்தினார், 1779-இல் ஹைதர் அலியிடம் சமாதானத் தூது போனார். சம்பாதிக்க வேண்டிய அவசியம் இல்லாதவனும் உழைப்பான். பயத்தில் உழைக்க மாட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

மத்தேயு 11-ஆம் அதிகாரத்தில் இயேசு களைத்தவர்களை அழைக்கிற இடத்தையும் பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். இளைப்பாறுதல் தருவதாகச் சொன்ன கையோடு நுகத்தைப் பற்றியும் பேசுகிறார். வயல்காட்டுக்காரர்களுக்கு இது புதிதல்ல. புது மாட்டைப் பழகிய மாட்டோடுதான் பூட்டுவார்கள். பாரத்தைப் பெரியது இழுக்கும், சின்னது கூட நடந்து கற்றுக்கொள்ளும். வேலை உண்டு, ஆனால் தனியாக இழுக்க வேண்டியதில்லை.

'கற்றுக்கொள்ளும்' என்பதுதான் முக்கியம். கிருபையில் வாழ்வது ஒரே கூட்டத்தில் வந்துவிடாது, பழக்கத்தில் வரும். ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் ஒவ்வொரு நாளும் மாலையில் தொடங்கிக் காலைக்கு வருகிறது. யூதர்களுக்கு இன்றும் ஓய்வுநாள் வெள்ளி மாலையே தொடங்கிவிடும். மனிதன் தூங்கும்போதே நாள் ஆரம்பித்துவிடுகிறது. அவன் எழுந்து வந்து சேர்ந்துகொள்கிறான். ஆறாம் நாளில் படைக்கப்பட்ட மனிதனுக்குக் கிடைத்த முதல் முழு நாளே ஓய்வுநாள்தான். அவன் அதுவரை ஒரு வேலையும் செய்திருக்கவில்லை!

ஆகவே ரிசல்ட் மோசமாக வந்த அன்று, இல்லை, தவறு செய்துவிட்ட அன்று, 'கொஞ்சம் சரியான பிறகு ஜெபிக்கலாம்' என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே முழங்காலில் நிற்பதுதான் முதல் பாடம். வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. அரியரோடு வந்து நிற்கும் பிள்ளையிடம் ஜெபக் கணக்குக் கேட்காமல், முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். கிருபை என்றால் என்ன என்று அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.