மழை லீவு இல்லாதவர்கள்

விடிவதற்குள் வீட்டில் ஒரே உற்சாகக் குரல். "லீவு விட்டாச்சு!"

கலெக்டர் அறிவிப்பு செல்போனுக்கு வந்துவிட்டது. எட்டாவது படிக்கும் மகள் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டாள். அப்பாவுக்கு லீவு இல்லை. 'இன்று வீட்டிலிருந்தே வேலை பாருங்கள்' என்று அலுவலகத்திலிருந்து மெசேஜ் மட்டும் வந்திருந்தது. சென்னைப் புறநகரில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் பல வீடுகளில் இதே காட்சிதான்.

ஜன்னலோரம் லேப்டாப்பைத் திறந்தவருக்கு ஊர் ஞாபகம் வந்தது. நாகப்பட்டினம் பக்கம் ஒரு சிற்றூர். அந்தக் காலத்தில் மழை லீவை முன்கூட்டிச் சொல்ல செல்போன் ஏது? நனைந்துகொண்டே பள்ளிக்கூடம் வரை போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இவரிடம் ஒரு குடை இருந்தது. பக்கத்து பெஞ்சுத் தோழனிடம் யூரியா சாக்கு. சாக்கை மூலையில் மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவான். பாதி வழியில் காற்று குடையைத் திருப்பிவிடும். உடனே அவன் சாக்கைக் கழற்றி, இருவருடைய புத்தகங்களையும் அதற்குள் போட்டுச் சுருட்டிக்கொள்வான். "நாம நனைஞ்சா காய்ஞ்சிடும்டா, நோட்டு நனைஞ்சா வாத்தியார் காயவிட மாட்டாரு" என்பான்.

இருவரும் பத்தாவது முடித்தது 1993-ல். இன்று இவர் கம்ப்யூட்டர் கம்பெனியில் மேனேஜர். அவர் அதே ஊரில் மின்வாரிய வயர்மேன். பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் இருவரும் இருக்கிறார்கள். தினமும் பூப்படத்தோடு குட்மார்னிங் போகும், வரும். பேசி மட்டும் ஆறேழு வருஷம் ஆகிறது.

பதினோரு மணிக்குக் கரண்ட் போனது. மூன்று மணிக்கு இன்வெர்ட்டரும் உயிரை விட்டது. முக்கியமான மீட்டிங் பாதியில் அறுந்தது. எரிச்சலில் குரூப்பில் தட்டினார்: 'காலையிலிருந்து கரண்ட் இல்லை. இந்த ஈ.பி.காரங்க எங்கேதான் போய்த் தூங்குறாங்களோ!'

ஏழெட்டுப் பேர் சிரிக்கும் முகம் போட்டார்கள்.

இரவு ஏழு மணிக்கு அபார்ட்மென்ட்காரர்கள் சேர்ந்து வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர் பிடித்தார்கள். எலக்ட்ரீஷியன் பையன் ஒயர் இழுத்துக்கொண்டிருக்க, இவர் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டார். 'இன்னும் பத்து நிமிஷத்தில் எட்டு வீட்டுக்கும் லைட்!'

அடுத்த நிமிஷம் போன் அடித்தது. அந்தத் தோழர். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

"மாப்ள, மெயினை ஆஃப் பண்ணிட்டியா?"

"தெரியலடா. எலக்ட்ரீஷியன் பார்த்துப்பான்..."

"நீ போய்ப் பாரு. நான் லைன்லயே இருக்கேன்."

டார்ச்சோடு கீழே இறங்கிப் போனார். மீட்டர் போர்டில் மெயின் சுவிட்ச் ஆனில்தான் இருந்தது. "ஒண்ணும் ஆகாது சார், தெருவுல கரண்ட்டே இல்லையே" என்றான் பையன். போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, தெருவுல இல்லாததாலதான் சொல்றேன். மெயினை இறக்கிட்டு அப்புறம் ஸ்டார்ட் பண்ணுப்பா" என்றது அந்தக் குரல். பையன் மறுபேச்சில்லாமல் இறக்கினான்.

மெயினை ஆஃப் செய்யாவிட்டால், ஜெனரேட்டர் கரண்ட் வீட்டோடு நிற்காது. சர்வீஸ் ஒயர் வழியாகத் தெருவுக்குத் திரும்பிப் போகும். டிரான்ஸ்பார்மர் வழக்கமாக 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்குத் தருகிறது. கரண்ட் பின்பக்கமாக வந்தால் அதே டிரான்ஸ்பார்மர் ஏற்றிவிடும். லைன் ஆஃபில் இருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் கை வைத்தவரின் கதி அவ்வளவுதான். தெரு கரண்ட்டும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேராமல் தடுக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் எதற்கு என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

"உனக்கு எப்படிடா போட்டோ பார்த்ததுமே தோணிச்சு?"

சற்று நேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. "கஜா அடிச்சுதே, 2018 நவம்பர்ல. ஊர்ல ஒரு கம்பம் நிக்கல. ராத்திரி பகலா நட்டோம். ஒருநாள் நான் மேல இருக்கேன், யாரோ ஒருத்தர் வீட்டுல ஜெனரேட்டரை ஆன் பண்ணிட்டாங்க. இடுப்புல பெல்ட் இருந்ததால கீழ விழல. வலது கையில ரெண்டு விரல் இன்னும் மடங்காது."

"ஏண்டா சொல்லவே இல்ல?"

"குரூப்புல என்னன்னுடா போடுறது? குட்மார்னிங் பூவுக்குக் கீழயா?"

இவருக்குத் தொண்டை அடைத்தது. "மத்தியானம் நான் எழுதினதை..."

"பார்த்தேன், பார்த்தேன். அதை விடு. உங்க தெருவுல தண்ணி நிக்குதா?"

"முழங்கால் அளவு."

"அப்ப வேணும்னுதான் நிறுத்தியிருப்பாங்க. தெருவோர பில்லர் பாக்ஸுக்குள்ள தண்ணி ஏறியிருந்தா, கரண்ட் விட்டதும் நடந்து போறவனைத்தான் புடிக்கும். வடிஞ்சதும் கொடுப்பாங்க. இங்கயும் மழைதான் மாப்ள. காலைல நாலு மணிக்கு வந்தவன், இப்பதான் சாப்பிட இறங்கினேன். வெச்சுடறேன், ஆளுங்க கூப்பிடறாங்க."

அன்றிரவு அவர் வெகுநேரம் பால்கனியில் நின்றார். மழை லீவு இல்லாதவர்கள் எத்தனை பேர்! விடியற்காலையில் பால் பாக்கெட் போட்டுவிட்டுப் போனவர், இரவு டியூட்டிக்கு ஆட்டோ கிடைக்காமல் நடந்தே போன எதிர்வீட்டு நர்ஸ், சாக்கடை மூடியைத் திறந்து தண்ணீர் வடியவிட்டுக்கொண்டிருந்த தூய்மைப் பணியாளர். இவ்வளவு நாள் அவர்கள் முகம் தெரியாதவர்களாக இருந்தார்கள். இன்று அதில் ஒரு முகம், யூரியா சாக்கோடு, நன்றாகத் தெரிந்தது.

மத்தியானம் போட்ட மெசேஜை அழிக்கலாமா என்று யோசித்தார். அழிக்கவில்லை. அதற்குக் கீழேயே எழுதினார்: 'மேலே நான் எழுதியது தப்பு. மெயினை ஆஃப் பண்ணாமல் யாரும் ஜெனரேட்டர் போடாதீங்க. நம்ம பெஞ்சுக்காரன் கம்பத்து மேல இருக்கான்.'

இந்த முறை யாரும் சிரிக்கும் முகம் போடவில்லை. ஒவ்வொருவராக, 'எப்படிடா இருக்கே?' என்று அவரைக் கேட்க ஆரம்பித்தார்கள்.

நள்ளிரவு தாண்டிக் கரண்ட் வந்தது. காலையில் மறுபடியும் லீவு அறிவிப்பு. மகள் மறுபடியும் போர்வைக்குள். குரூப்பில் வழக்கம்போலப் பூப்படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. அவர் அவற்றைப் பார்க்கவில்லை. நேராக நம்பரை அழுத்தினார்.

"வீட்டுக்குப் போயிட்டியாடா?"