படத்துக்கு வெளியே நிற்கும் அக்கா



கிறிஸ்துமஸ் அன்று மதியம் எங்கள் ஆயா வீட்டு வாசலில் ஒரு குடும்பப் படம் எடுப்போம். பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார், அவர்கள் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று முப்பது பேருக்குக் குறையாது. சென்னையில் இருப்பவர்கள் முந்தின நாளே பஸ் பிடித்து வந்துவிடுவார்கள். நடுச்சாமப் பூசை முடிந்து வந்தவர்கள் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். அத்தைமார் அடுப்படியில் இருந்து முந்தானையில் கை துடைத்துக்கொண்டே வருவார்கள். பின்னால் காகித நட்சத்திரம், பக்கத்தில் பிள்ளைகள் களிமண்ணில் செய்த குடில். ஆயா நடுவில் நாற்காலியில்.

அந்த நேரம் பார்த்து என் சித்தப்பா மகள் மட்டும் மெல்ல நகர்ந்து, "நான் எடுக்கறேன், போனக் குடு" என்று வாங்கிக்கொள்வாள். நான்கு வருடமாக எங்கள் குடும்பப் படத்தை அந்த அக்காதான் எடுக்கிறாள். நான்கு வருடமாக ஒரு படத்திலும் அவள் இல்லை.

அவள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறாள். கையில் இந்து ஆதிதிராவிடர் சான்றிதழ் இருக்கிறது. காரணம் அவ்வளவுதான். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். யாரும் வாய் திறந்து பேசுவதில்லை.

இந்த வருடம் அந்தப் பேச்சை எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். உங்களில் பலர் வீட்டிலும் இப்படிப் படத்துக்கு வெளியே நிற்கும் ஓர் அக்காவோ தம்பியோ இருப்பார்கள். அவர்களுக்காகவும்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஆயாவுக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்து பேரும் ஒரே காலனியில், ஒரே கூரைக்குக் கீழே வளர்ந்தவர்கள். மூன்று பேர் கையில் 'பி.சி.' கிறிஸ்தவர் சான்றிதழ். இரண்டு பேர் கையில் 'எஸ்.சி.' சான்றிதழ். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது அன்றைக்கு இருந்த ஆசிரியர் எதை எழுதினாரோ, அழைத்துப்போன தாத்தா எதைச் சொன்னாரோ, அது அப்படியே நிலைத்துவிட்டது. ஊர்த்தெருக்காரர்கள் மட்டும் இந்த வித்தியாசத்தைப் பார்த்ததே இல்லை. டீக்கடையில் தனி டம்ளர் வைத்திருந்த காலத்தில் ஐந்து பேருக்கும் அதே டம்ளர்தான்.

வித்தியாசம் பார்த்தது சட்டம். 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தில் இருப்பவரைப் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்றது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் அதில் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் கதவு இன்னும் மூடியே இருக்கிறது. அதனால்தான் ஆகஸ்ட் 10ஐ தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு நாளாக அனுசரிக்கிறார்கள்.

நடைமுறையில் இதற்கு என்ன அர்த்தம்? தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்களுக்கு மாநில அரசு சில கல்வி உதவிகளைத் தருகிறது. உண்மைதான். ஆனால் எஸ்.சி. இடஒதுக்கீட்டில் வேலை கிடையாது. தனித்தொகுதியில் நிற்க முடியாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, சாதி சொல்லித் திட்டினாலும் அடித்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் பட்டியல் சாதியினருக்கான பாதுகாப்பு கிடையாது. ஒரே தெருவில் ஒரே கும்பல் அண்ணனையும் தம்பியையும் அடித்தால், அண்ணனுக்கு ஒரு சட்டம், தம்பிக்கு ஒரு சட்டம்.

1985இல் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பான சூசை வழக்கைச் சட்ட மாணவர்கள் படித்திருப்பீர்கள். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் அவர். அதே தொழில் செய்த இந்து ஆதிதிராவிடர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. கிறிஸ்தவர் என்பதால் அவருக்கு இல்லை. மதம் மாறிய பிறகும் அதே அளவுக்குக் கொடுமை தொடர்கிறது என்று காட்டப்படவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. கையில் அதே ஊசி, அதே தோல். இதற்கு மேல் எதைக் காட்டுவது?

என் அக்காவின் பயத்துக்கு வருகிறேன். அது வீண் பயம் இல்லை.

2023 மார்ச்சில் கேரளாவின் தேவிகுளம் தனித்தொகுதி சட்டமன்ற உறுப்பினரின் வெற்றியைக் கேரள உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அவருடைய குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்தில் இருந்து தோட்ட வேலைக்குப் போன குடும்பம். அவர் கிறிஸ்தவர் என்பதற்கு நீதிமன்றம் எடுத்துக்கொண்ட ஆதாரங்களில் அவருடைய கல்யாணப் படங்களும் உண்டு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனாலும் கல்யாண ஆல்பம் நீதிமன்றம் வரைக்கும் போகும் என்பதை எல்லோரும் பார்த்துவிட்டோம்.

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கு. எழுத்தர் வேலைக்காக எஸ்.சி. சான்றிதழ் கேட்டார். கைக்குழந்தையாக இருந்தபோது அவருக்குக் கொடுத்த ஞானஸ்நானம் அவருக்கு எதிராக நின்றது. உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தைச் சொல்லிக்கொள்வது அரசமைப்பின் மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம்.

வேறு மாதிரியும் தீர்ப்பு உண்டு. ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு மருத்துவர், கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்தவர். அவருடைய கிளினிக் சுவரில் சிலுவை மாட்டியிருந்தது என்று அதிகாரிகள் சான்றிதழை ரத்து செய்தார்கள். கணவரோடும் பிள்ளைகளோடும் கோயிலுக்குப் போவதால் ஒருவர் தன் மதத்தை விட்டுவிட்டார் என்று ஆகாது என்று 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லி, சான்றிதழைத் திருப்பிக் கொடுக்க வைத்தது.

இரண்டு பக்கமும் தீர்ப்பு இருக்கும்போது ஏழை வீட்டுப் பெண் என்ன செய்வாள்? வழக்குப் போட்டுப் பார்க்க அவளிடம் காசும் இல்லை, வயதும் இல்லை. படத்தில் நிற்காமல் இருந்துவிடுவாள். ஸ்டேட்டஸில் நட்சத்திரம் போட மாட்டாள். ஊருக்கு வந்தாலும் பூசைக்குப் போகாமல் ஆயாவோடு வீட்டில் இருப்பாள். ஒரு சான்றிதழ், ஒரு பெண்ணைச் சொந்தக் குடும்பத்திலேயே ஒளிந்து வாழ வைக்கிறது.

இதைப் பார்த்து "பொய் சான்றிதழ்", "இரட்டை வாழ்க்கை" என்று பேசுகிறவர்கள் வெளியில் மட்டும் இல்லை, நம் இயக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பொய் யாருடையது? மதம் மாறினால் சாதி போய்விடும் என்று எழுதி வைத்த சட்டத்தினுடையதா, அந்தச் சட்டத்துக்கு நடுவில் பிழைக்க வழி தேடும் பெண்ணுடையதா?

"கிறிஸ்தவத்தில்தான் சாதி இல்லையே" என்பார்கள். கல்லறையில் சுவர் எழுப்பிப் பிரித்து வைத்திருப்பதும், தேர் எங்கள் தெருவுக்குள் வராததும் தமிழ்நாட்டில் புதுச் செய்தி இல்லை. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக்கு ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. சபையே ஒப்புக்கொண்டதை அரசு ஒப்புக்கொள்ள மறுக்கிறது. ஒப்புக்கொண்ட சபையும் அறிக்கையோடு நின்றுவிடுகிறது. இரண்டு பேரையும் நாம் கேள்வி கேட்க வேண்டும்.

"அவர்களையும் சேர்த்தால் நம் பங்கு குறையாதா?" என்று இந்து தலித் குடும்பத்துத் தம்பிகள் கேட்கிறார்கள். இது நியாயமான கவலை, தட்டிக் கழிக்கக் கூடாது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. ஒதுக்கீடு 18 விழுக்காடு. ஏற்கெனவே குறைவு. ஆகவே நம் கோரிக்கை இரண்டு பகுதியாக இருக்க வேண்டும்: தலித் கிறிஸ்தவர்களையும் தலித் முஸ்லிம்களையும் சேர், அந்த எண்ணிக்கைக்கு ஏற்ப விழுக்காட்டையும் உயர்த்து. ஒன்றை விட்டு ஒன்றைக் கேட்டால் அண்ணனும் தம்பியும் ஒரே தட்டுக்கு அடித்துக்கொள்வோம். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் பட்டியல் சாதித் தகுதியை மதத்தில் இருந்து பிரிக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும், மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்களைச் சேர்க்கும்படி ஒன்றிய அரசை வலியுறுத்தித் தீர்மானம் போட்டது. முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022இல் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள். ஆணையத்துக்கு மேல் ஆணையம் வருகிறது, மூன்றாம் பத்தி அப்படியே இருக்கிறது.

இதையெல்லாம் ஏன் கிறிஸ்துமஸ் சாப்பாட்டோடு சேர்த்துப் பேசுகிறேன் என்று கேட்கலாம். ஒரே பந்தியில் உட்காருவது நம் வரலாற்றில் சின்ன விஷயமாக இருந்ததே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்க் கிறிஸ்தவ சபைகளுக்குள் நடந்த சாதிச் சண்டையே இதில்தான் வந்து நின்றது. சபையில் சாதி கூடாது என்று பிஷப் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை அனுப்பினார். பல சாதிக் கிறிஸ்தவர்கள் சபையைவிட்டு வெளியே போனார்கள். பிறகு சில மிஷனரிகள் 'அன்பின் விருந்து' என்று ஒன்று வைத்தார்கள். எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாதியை விட்டாயா இல்லையா என்பதற்கு அதுதான் சோதனை. ஞானஸ்நானம் வாங்கத் தயங்காதவர்கள் சோற்றுக்குத் தயங்கினார்கள். வேலையை விட்டவர்களும் உண்டு.

எங்கள் ஆயா வீட்டில் அந்தச் சோதனையே தேவைப்படவில்லை. அம்மன் கோயிலுக்குக் கூழ் ஊற்றும் பெரியப்பாவும், உபதேசியாராக இருந்த மாமாவும், எதையும் கும்பிடாத நானும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே மாட்டுக்கறிக் குழம்பைச் சாப்பிடுகிறோம். ஆடித் திருவிழாவுக்குக் கிறிஸ்தவ அத்தை கூழ் குடிக்க வருகிறாள். டிசம்பரில் இந்துப் பெரியம்மா அதிரசம் சுட்டுக்கொண்டு வருகிறாள். சட்டத்தால் பிரிக்க முடியாத இடம் அந்தப் பாய்தான். அதை நாம் காப்பாற்றியாக வேண்டும்.

எனவே இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு என் வேண்டுகோள்கள் இவை.

படத்தைப் பதிவேற்றும் முன் எல்லோரையும் கேளுங்கள். வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் ஏன் என்று நச்சரிக்காதீர்கள். அவருடைய வேலை, அவருடைய வாழ்க்கை. உங்கள் லைக்கைவிட அது பெரிது.

யார் வீட்டுச் சான்றிதழையும் வெளியில் பேசாதீர்கள். இயக்கத்துக்குள் சண்டை வந்தாலும், "நீ கிறிஸ்டியன்தானே, எப்படி எஸ்.சி.?" என்ற கேள்வியை ஆயுதமாக எடுக்காதீர்கள். அதை எடுத்துக்கொண்டு காத்திருப்பவர்கள் வேறு ஆட்கள்.

ஆயாக்களிடம் கேளுங்கள். எந்த வருடம் வேதத்துக்கு வந்தோம், ஏன் வந்தோம், வந்த பிறகு கோயிலில் எங்கே உட்கார வைத்தார்கள், செத்தவர்களை எங்கே புதைத்தார்கள். போனில் பதிவு செய்து வையுங்கள். நாளைக்கு ஏதாவது ஓர் ஆணையம் "ஆதாரம் எங்கே?" என்று கேட்கும்போது அதுவும் ஓர் ஆதாரம்.

சாப்பாட்டுக்கு முன் செபம் சொல்லும்போது கீழ்வெண்மணியையும் சொல்லுங்கள். 1968இல் இதே டிசம்பர் 25 இரவுதான், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். 1927இல் இதே நாளில்தான் மகத் நகரில் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி கொளுத்தப்பட்டது. செபம் சொல்லாத வீடுகளில் ஒரு நிமிடம் நின்று சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் கேட்கும்படி சொல்லுங்கள்.

அத்தைமாரை உட்கார வைத்துப் பரிமாறுங்கள். எல்லோரும் சமம் என்று நாம் பேசிக்கொண்டு இருக்கும்போது கடைசிப் பந்தியில் ஆறிய சோற்றைச் சாப்பிடுகிறவர்கள் அவர்கள்தான்.

இந்த வருடம் நான் அக்காவிடம் இருந்து போனை வாங்கப்போகிறேன். ஒரே ஒரு படம். அவளும் ஆயாவும் நாங்களும். எங்கும் பதிவேற்ற மாட்டேன். கடையில் கொடுத்துக் காகிதத்தில் எடுத்து, ஆயாவின் டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் வைத்துவிடுவோம். மூன்றாம் பத்தி நீங்கும் அன்று வெளியே எடுத்துச் சுவரில் மாட்டிக்கொள்கிறோம்.

ஆயாவுக்கு இப்போதே எண்பது தாண்டிவிட்டது. அதிக நாள் காக்க வைக்காதீர்கள்.